எதிர்ச்சுவருக்கு உள்ளே விழுந்த புள்ளி

மக்கா,

மஸ்கட் விசா வந்துவிட்டது என்று உன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவளிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நேரில் பேசலாம்தான். நேரில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அவள் காப்பியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ ஊர் கேட்கப் பேசினவன். நானும் ஊர் படித்தால் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்ற கையெழுத்து இது. கோணல் இருக்கும், பொய் இருக்காது.

உன் தங்கை மாப்பிள்ளை சூசையைக் கள்ளன் என்று சொல்லிவிட்டு நீ கப்பல் ஏறவோ விமானம் ஏறவோ நான் விடமாட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தாளும். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு வெளியே வா. அவசரமில்லை என்றால் நடந்ததையெல்லாம் ஒருதரம் என் வாயால் கேள். நீ உன் வசதிக்கு மறந்திருப்பாய். எனக்கு மறதி கிடையாது.

நான் தலைச்சுமையில் மீன் விற்க ஆரம்பித்தவள். உவரியில் கூடையோடு பஸ் ஏறினால் திசையன்விளை போவதற்குள் நாற்றம் என்று இறக்கிவிட்ட கண்டக்டருக்கு இடது புருவத்தில் தழும்பு உண்டு. இன்றைக்கு எதிரே வந்தாலும் அடையாளம் சொல்வேன். அந்த ஆத்திரத்தில் வாங்கினதுதான் நம் வேன். வாங்கின அன்றைக்கே அதை ஓட்ட வந்தவன் சூசை. அப்போது அவன் நம் வீட்டு மாப்பிள்ளைகூட இல்லை. நீ திருநெல்வேலியில் என்ஜினியர் படிப்புப் படித்த காலமெல்லாம் திங்கட்கிழமை விடியலில் ஐஸ் பெட்டிக்கும் உன் துணிப்பெட்டிக்கும் நடுவில் உன்னை உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவன். வகுப்பில் மீன் வாடை அடிக்கிறது என்று பையன்கள் சிரிக்கிறார்கள் என்று நீ முணுமுணுத்தாய். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து உனக்கென்று ஒரு சட்டையை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றி, ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடி ஓரமாக வைத்துக் கொண்டுவந்தான். காலேஜ் வாசலில் நீ சட்டை மாற்றும் வரைக்கும் பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்ததையும், ‘ஏ வே, மாப்பிள்ளை கோலம் போட்டுக்கிட்டிருக்காவ, கொஞ்சம் பொறும்’ என்று இவன் தலையை வெளியே நீட்டிச் சொன்னதையும் நீதான் எனக்குச் சொன்னாய்.

பிறகு நீ பேட்டை எஸ்டேட்டில் பட்டறை போட்டாய். மில்லுக்கும் மோட்டாருக்கும் என்னென்னவோ மின்சாரப் பலகை செய்து கொடுத்தாய். நம் மீனை வாங்குகிற ஜங்ஷன் ஓட்டல்காரர் ஒருநாள், ‘அக்கா, உங்க நெய்மீன் கையில எடுத்தா மெழுகு மாதிரி அமுங்குது. வழியில எங்கயோ ஐஸ் விட்டுப்போவுது’ என்றார். அதை உன்னிடம் சொன்னபோது நீதான், ‘விடும்மா, நான் கண்டுபிடிச்சுத் தாரேன்’ என்று, இரண்டு உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஒரு பலகையைக் கொண்டுவந்து வண்டிக்குள் பூட்டினாய். ஒரே பலகையில் முழுக் கம்ப்யூட்டரும் இருக்கிறது என்றாய். ‘டிவி எங்க அண்ணா?’ என்று உன் தங்கை பிலோமி கேட்டாள். டிவி தேவையில்லை, நினைவு இருந்தால் போதும் என்றாய். ஐஸ் பெட்டிக்குள் ஒரு கம்பி போயிற்று. நிமிசத்துக்கு ஒருதரம் குளிர் எவ்வளவு என்று அது குறித்துக்கொண்டது. முதல் வாரம் சூசை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அது செத்துச் செத்துப் பிழைத்தது. பாட்டரி ஒரு நொடி துவண்டுபோகிறது என்று கண்டுபிடித்து, அதற்கென்று தனியாகக் குட்டி பாட்டரி ஒன்று வைத்துக் கொடுத்தாய். அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

எந்த நேரத்தில் பெட்டி சூடாகிறது என்று அந்தப் பலகை சொன்னது. எந்த இடத்தில் என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் மஸ்கட்டில் இருக்கிற உன் கூட்டாளி மூலமாக ஜி.பி.எஸ் கருவியை வரவழைத்தாய். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தான் நிற்கிற இடத்தைச் சொல்லுமாம். அதைப் பலகையோடு சேர்த்துவிட்டால் நேரமும் இடமும் ஒன்றாகத் தெரியும் என்றாய். முதலில் டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைத்தாய். தகரக் கூரைக்குக் கீழே அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. கூரையில் ஓட்டை போட்டு, மேலே வெல்லக்கட்டி மாதிரி ஒன்றை ஒட்டி, வயரை உள்ளே இறக்கணும் என்றாய். அந்தக் கூரையைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பு எடுக்கிறவன் சூசை. ஓட்டை என்றதும் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் ஏணியைப் போட்டு, தானே மேலே ஏறி, நீ கோடு போட்ட இடத்தில் துரப்பணத்தைப் பிடித்தவனும் அவன்தான். ‘மச்சான், மேல இருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்னு எங்க அம்மை சின்னதுலயே சொல்லிட்டா. அவனுக்குத் தெரியாத எதை இந்த டப்பா புதுசாச் சொல்லப் போவுது?’ என்று சிரித்தான். அது காட்டின மணி நம் மணியாக இல்லை, அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கொள்ளணும் என்று நீ சொன்னதும், ‘நல்லாருக்கே! நாம எழும்பி ஏலம் முடிச்சாச்சு, இது இன்னும் நேத்தைக்குள்ளயே உறங்குதே’ என்றான். நீயும் சிரித்தாய். வழியில் மீனை இறக்கித் திருட நினைக்கிறவன், தன்னைக் காட்டிக்கொடுக்கிற கருவிக்குத் தன் கையாலேயே ஓட்டை போடுவானா? இந்தக் கேள்வியை நீ கேட்கவே இல்லை.

மூன்று நாள் ஓட்டத்தை நீ கட்டம் போட்ட தாளில் புள்ளிபுள்ளியாக வைத்தாய். ஊரைத் தாண்டி, திசையன்விளைக்கு முன்னால், ரோட்டுக்குக் கிழக்கே, கல் குகைக்குள் மாதா நிற்கிற கெபி. மேற்கே, நேர் எதிரில், நமக்கு ஆகாத உன் சித்தப்பன் ஐஸ் கம்பெனி, சுற்றிலும் ஆளுயரச் சுவர். வண்டி அங்கன கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. இரண்டு நாள் புள்ளி ரோட்டிலும் விழவில்லை, கெபியிலும் விழவில்லை. சுவரைத் தாண்டி உன் சித்தப்பன் இடத்துக்குள்ளே விழுந்தது. மூன்றாம் நாள் புள்ளி கெபிக்கும் பின்னால் குளத்து நடுவில் விழுந்தது. குளத்தில் விழுந்ததைக் கருவியின் தப்பு என்று தள்ளிவிட்டாய். சுவருக்குள் விழுந்ததை மட்டும் சத்தியம் என்று எடுத்துக்கொண்டாய்.

அதோடு விட்டாயா? வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டிருக்கலாம். சூசையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பேட்டையிலிருந்து பஸ் பிடித்து நேரே கடற்கரைக்கு வந்தாய். ஏலம் நடக்கிற நேரம், ஊர் முழுக்க அங்கே. அவன் ஐஸ் தட்டிக்கொண்டிருந்தான். ‘ஏலே, எங்க சித்தப்பன் கம்பெனிக்குள்ள தினம் என்னலே இறக்குதே?’ என்றாய். மச்சான் என்று கூப்பிட்ட வாய் அது. அவனுக்கு முதலில் விளங்கவேயில்லை. ‘நான் எங்க மச்சான் உள்ள போனேன்? கெபியில மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவேன், அம்புட்டுத்தான்’ என்றான். நீ அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, ‘மெழுகுவத்திய சுவருக்கு உள்ள போயா ஏத்துனே?’ என்றாய். கூட்டம் சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும், நான் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். சிரித்ததில் ஒருத்தி நம் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டுதரம் பந்தியில் உட்கார்ந்தவள். சூசை ஐஸ் தட்டுவதை நிறுத்தினான். கையைத் துடைத்தான், சாவியை ஐஸ் பெட்டி மூடிமேல் வைத்தான், நடந்து போய்விட்டான். நான் உன்னைக் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாய்.

அன்றையிலிருந்து அவன் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறான். வண்டி ஓட்டிப் பழகின கை, வலை இழுத்துத் தோலுரிந்து கிடக்கிறது. பிலோமி உன்னைப்பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை; சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுமை குறைந்திருக்கும். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, ‘ஆச்சி, எங்க அப்பா மீன் களவாண்டாவளா?’ என்று கேட்டாள். மாமனிடம் கேள் என்று சொன்னேன். நீ மஸ்கட் போனபின் அவள் யாரிடம் கேட்பாள்?

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா? நீ சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உண்ணாமல் இருந்தாய். பைய உன்னைக் கேட்டேன். அப்புறம்தான் சொன்னாய். கருவியைப் பட்டறை மொட்டைமாடியில், இரண்டு செங்கலுக்கு நடுவே அசையாமல் வைத்து ஒரு நாள் முழுக்க எழுதவிட்டுப் பார்த்தேன் என்றாய். ‘நின்ன இடத்துலயே இருந்துக்கிட்டு அது தெருத்தெருவாச் சுத்துதும்மா. ஒரு தடவை பின்தெரு முக்குல நிக்குதேன்னு சொல்லுது, ஒரு தடவை எதிர்ப் பட்டறைக்குள்ள நிக்குதேன்னு சொல்லுது. அந்தச் செயற்கைக்கோளெல்லாம் அமெரிக்காக்காரன் ராணுவத்துக்கு விட்டது. மத்தவங்களுக்குத் துல்லியமாத் தெரியக்கூடாதுன்னு வேணும்னே கலக்கி விடுதான். கூட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கு. நான்தான் படிக்கல.’ இதைச் சொல்லும்போது உன் கண் கலங்கியது. இன்னொன்றும் சொன்னாய். குளிர் எழுதின தாளைச் சரியாகப் பார்த்தால், கெபிக்குப் பக்கத்தில் பெட்டி சூடாகவே இல்லை. வெயில் ஏறினபிறகு ரயில் கேட்டில் காத்துக்கிடக்கும்போதுதான் சூடாகிறது, மூடி ரப்பர் கிழிந்திருக்கிறது என்றாய். அங்கே வண்டி நிற்க வேறு இடமே இல்லை, ஒரு தெரு தள்ளிக் காட்டினாலும் கேட் கேட்தான், ஏமாற்ற வழியில்லை என்றாய். நான் எழுந்து உன் தலையைத் தடவினேன். சரி, பிள்ளை ஊருக்கு வந்து சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

நீ என்ன சொன்னாய்? ‘கருவியைக் கழட்டிட்டேன்மா. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம். நான்தான் போகப்போறேனே.’

கழற்றினால் தீர்ந்ததா? நீ கழற்றினதைப் பார்த்து ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? கள்ளனைப் பிடித்தாயிற்று, பொறியை எடுத்துவிட்டார்கள் என்று பேசுகிறது. அவன் மேல் விழுந்த புள்ளியை அப்படியே விட்டுவிட்டு, அதை அழிக்கக்கூடிய ஒரே ஆள் நீ, கடல் தாண்டிப் போகிறேன் என்கிறாய்.

உன் மனது எனக்குத் தெரியாததல்ல. சித்தப்பன் சுவர் என்றதும் உனக்குக் கண் மறைத்துவிட்டது. அந்தச் சுவருக்குள் நம் வீட்டு ஆள் கால் வைக்கக்கூடாது என்று உன்னை வளர்த்தவள் நான். உன் அப்பா மஞ்சள்காமாலையில் போய், முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, உன் சித்தப்பன் நம் வள்ளத்து இன்ஜினைக் கழற்றித் தோளில் வைத்தான். ‘உப்புக் காத்துல கெட்டுரும் மைனி, நான் பத்திரமா வச்சிருக்கேன்’ என்றான். வைத்திருக்கிறான். இன்னும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறான். அவன் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது, அவன் சாவுக்கு நான் போவேனா என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை, மாறப்போவதும் இல்லை. ஆனால் கேட்டுக்கொள். நான் பகையை யார் மேல் வைக்கணுமோ அவன் மேல்தான் வைத்திருக்கிறேன். ஒரு முழம் தள்ளி அடுத்தவன் மேல் வைத்ததில்லை. உன் சித்தப்பன் மகள் ரோட்டில் பார்த்து ‘பெரியம்மா’ என்றால் நின்று பேசித்தான் போகிறேன். பகை வைக்கவும் ஒரு நிதானம் வேணும், மக்கா. என் பகையை எடுத்துக்கொண்டாய், நிதானத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

கெபியில் வண்டியை நிறுத்தச் சொன்னதும் நான்தான், உனக்கு அது தெரியும். எந்த நேரமானாலும் ஒரு திரி ஏற்றாமல் அந்த இடத்தைத் தாண்டாதே என்று வண்டி வாங்கின அன்று சொன்னேன். மழை, காய்ச்சல், கல்யாணத்துக்கு மறுநாள், எதற்கும் அவன் தவறவிட்டதில்லை. என் நேர்த்திக்கு நின்றவனைத்தான் நீ கள்ளன் ஆக்கினாய்.

இனி நடக்கவேண்டியது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை அவன் காதில் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்க்காதே. ஊர் முன்னால் அழித்த பேரை வீட்டுக்குள் வைத்து எழுத முடியாது. நாளைக்கு விடியலில் கடற்கரை ஏலத்தில் வந்து நில். மொட்டைமாடியில் எழுதின தாளை எடுத்துக்கொண்டு வா. நின்ற இடத்தில் நின்றுகொண்டு அது எப்படி ஊர் சுற்றினது என்று அவர்களுக்குக் காட்டு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இந்தத் தரம் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், ஒன்றும் குறைந்துபோகமாட்டாய். பிறகு கருவியைத் திரும்ப வண்டியில் பூட்டு. ஆமாம், பூட்டத்தான் சொல்கிறேன். அது கெட்ட சாமான் இல்லை. ரயில் கேட்டைக் காட்டிக்கொடுத்ததும் அதுதானே. எவ்வளவு தூரம் தப்பும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் உதவும். ஆனால் அதிலிருந்து எடுக்கிற தாள் இனி முதலில் சூசை கைக்குத்தான் போகணும். எப்படி எடுக்கிறது, எப்படிப் படிக்கிறது என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ. வண்டியை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் வண்டியைப்பற்றி ஒரு கணக்கும் என் வீட்டில் இருக்கக்கூடாது. மஸ்கட்டில் நாளைக்கு உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்வார்கள். அங்கேயும் இப்படியே இரு. ஒரு கருவி ஒருத்தன்மேல் ஏதாவது சொன்னால், முதலில் அந்தக் கருவியைச் செங்கலுக்கு நடுவில் வைத்துப் பார். அப்புறம் மனுசனிடம் போ.

நீ நாளைக்குப் பேசினால் இந்தக் கடிதம் உன் பெட்டியோடு விமானம் ஏறட்டும். பேசவில்லை என்றால், இதன் இன்னொரு படி என் இடுப்பில் இருக்கிறது. ஏலக்கூடத்துத் தூணில் நானே பசை தடவி ஒட்டுவேன். நீ என் மகன் என்று பார்க்கமாட்டேன். என்னைப்பற்றி உனக்குத் தெரியும்.

இதைச் சூசை கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்கு வண்டியை எடு என்றபோது, ‘மச்சான் சொல்லட்டும் மாமி’ என்றான். வண்டி என் பேரில் இருக்கிறது, எடு என்றேன். எடுத்தான். கடிதத்தை முழுக்க அவனுக்கு வாசித்தும் காட்டினேன். ‘ரெண்டு மூணு எடத்துல மச்சானை ரொம்ப ஏசியிருக்கிய, அத மட்டும் அடிச்சிருங்க மாமி’ என்றான். அடிக்கவில்லை. படித்தபோதே உனக்குத் தெரிந்திருக்கும்.

சூசை இப்போது உன் முன்னால் நின்றுகொண்டிருப்பான். உட்காரச் சொல்லியிருக்கிறாயோ இல்லையோ. நான் பட்டறை வாசலில், வண்டிக்குள் முன் சீட்டில் இருக்கிறேன். இறங்கமாட்டேன். வீட்டிலிருந்து உன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்தாலும் குடிக்கமாட்டேன். இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டேன், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன். தாளையும் கருவியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து வெளியே வா.

அம்மா